வெளியிலிருந்து வந்த பெயர்ச்சீட்டு

தில்லியில் எங்கள் அலுவலகத்துக்கு ஏழு இணையதளங்கள், ஏழு பாஸ்வேர்டுகள். ஒரே லாகினில் ஏழும் திறக்கும்படி செய்துவிட்ட அந்தக் காலையில் என் கால் தரையில் பாவவில்லை! முன்னால் ஒரு வெப் சர்வர் காவலாளியாக நிற்கும். வருபவர் யாரென்று ஒருமுறை கேட்கும், பெயரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பும். உள்ளிருக்கும் தளங்கள் அந்தச் சீட்டை நம்பும். பதினொரு மணிக்கு டைரக்டர் முன்னால் தொடக்க விழா.

பத்தரைக்கு டெஸ்டிங் பிரிவு வசந்தா வந்து நின்றார். "சார், ஜல்தி வாங்க."

அவர் திரையில் என் மருத்துவ விடுப்புக் கோப்பு விரிந்து கிடந்தது.

"இது எப்படிங்க உங்களுக்கு?"

"என் லாகின்லதான் வந்தேன். கூடவே உங்க பேரை நானே ஒரு சீட்டுல எழுதி அனுப்பினேன். உங்க காவலாளி ரொம்ப நல்லவர் சார், அப்படியே உள்ள விட்டுட்டார். யார் கோப்பை வேணாலும் திறக்கலாம். அடுத்தவங்களோடது வேண்டாமேன்னு உங்களோடதைத் திறந்தேன்."

வெளியிலிருந்து வரும் சீட்டைக் கிழித்தெறியச் சொல்லும் ஒரே ஒரு வரி. அதை எழுத மறந்திருந்தேன். உடனே எழுதிச் சேர்த்தேன். வசந்தா மறுபடி முயன்றார். இம்முறை அவர் பெயரே வந்தது.

"அச்சா! போய் மாலையை வாங்கிக்குங்க. நான் மூச்சுவிட மாட்டேன்."

கைதட்டலுக்கு நடுவே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மைக்கைப் பிடித்து, அரைமணி முன்புவரை எல்லாருடைய கோப்பும் திறந்து கிடந்ததையும், கண்டுபிடித்தவர் வசந்தா என்பதையும் சொல்லிவிட்டேன். மாலை கை மாறியது.

இன்றும் ஏதாவது முதல் தடவையிலேயே ஓடிவிட்டால் துள்ளத்தான் செய்கிறேன். துள்ளியபடியே வசந்தாவிடம் போய், "உடைச்சுக் காட்டுங்க" என்று நிற்கிறேன்.