பரல் மூடியின் விறைப்பு

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு பெரியது: ஒட்டுப்போட்ட பைபர் வள்ளங்களை வெட்டாமல், உடைக்காமல், ஒலியைச் செலுத்திப் பரிசோதிப்பது. பண்டத்தரிப்புக்கு அப்பால் கரையில் ஒரு வள்ளம் கிடைத்தது. கல்லில் அடிபட்டு ஓட்டையாகி, ஒட்டு முடிந்திருந்தது. நான் சரியென்று சொல்லும்வரை கடலில் இறக்கமாட்டேன் என்று வள்ளக்காரர் யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பைபர் எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகமாக அதற்குள் ஒலி ஓடும். நார் போகும் திசைக்கு ஒரு விறைப்பு, குறுக்கே வேறொன்று. ஆகவே அதே ஒட்டின் மாதிரித் தகடு ஒன்றை முதலில் அளக்கவேண்டும். ஒட்டுப்போட்ட அண்ணையிடம் கேட்டேன். மூன்றாம் நாள் கண்ணாடி போல ஒன்று தந்தார். மானிப்பாயில் என் அறை வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அளந்தேன்; எண்கள் பாடப்புத்தகத்தைவிட அழகாக வந்தன. அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். அவற்றை ஒலி அனுப்பும் கருவிப் பெட்டிக்குள் போட்டு வள்ளத்தைப் பார்த்தால், எதிரொலி பிந்தியும் மெலிந்தும் வந்தது. ஒட்டு முழுக்கப் பிழை என்று அறிவித்தேன்.

"ஒரு கிழமையாத் தொழிலில்லை," என்றார் வள்ளக்காரர். "உந்தப் பெட்டி மிதக்குமோ தம்பி? அதிலையாவது போவம்."

ஒட்டுக்காரரிடம் திரும்பினேன். "அண்ணை, தகட்டையும் வள்ளம் மாதிரித்தானே செய்தனீங்கள்?"

"வள்ளம் மாதிரியோ? கம்பசுக்குப் போற சாமான். காத்தெல்லாம் உருட்டி எடுத்து, புது றெசின் விட்டு, ரெண்டு நாள் பாரம் வைச்சனான். உன்ரை சேர்மார் பாப்பினமெல்லே."

விருந்தாளிக் கோப்பையை அளந்துவிட்டு, வீட்டுக் கோப்பையெல்லாம் வெடிப்பு என்று எழுதியிருக்கிறேன்.

"அப்ப சாதாரணமா ஒண்டு செய்து தாங்கோவன்."

"வேணுமெண்டு மட்டமாச் செய்யச் சொல்லுறியோ? என்னாலை ஏலாது."

வள்ளக்காரர்தான் காப்பாற்றினார். "ஒட்டிலை மிஞ்சின துண்டு இவன்ரை தண்ணிப் பரலுக்கு மூடியாக் கிடக்குது. அதைக் கொண்டு போ."

வெட்டாமல், உடைக்காமல் என்ற தலைப்பின் கீழே மூடியை நாலு திசையில் வெட்டினேன், அளந்தேன், உடைத்தேன். அதே பிந்தல், அதே மெலிவு. ஆனால் வள்ளத்துக்குத் தேவையானதைவிடக் கூடப் பாரம் தாங்கித்தான் முறிந்தது. புது எண்களைப் பெட்டிக்குள் போட்டு வள்ளத்தைத் திரும்பப் பார்த்தேன். ஒட்டு சரியாகியிருந்தது. அதை யாரும் தொடவில்லை.

அன்று பின்னேரமே வள்ளம் இறங்கியது. ஒட்டுக்காரர் மூடியில்லாமல் திறந்துகிடந்த தண்ணீர்ப் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த நல்ல தகட்டை என்ன செய்தனி?"

"கொண்டுவந்திருக்கிறன் அண்ணை. பரலை மூட."