பர்வதமலை ஏணியில் நானும் அவளும்

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே முக்கால் ஆயுளைக் கழித்தவனுக்கு மலை எதற்கு என்றுதான் கேட்டேன். மகள் விடவில்லை. "ரெண்டு நாள் தறிய மூடி வெச்சுட்டு அம்மாவ இட்டுக்கினு போய்ட்டு வாப்பா" என்று பர்வதமலைக்கு அனுப்பி வைத்தாள். பஸ்ஸில் மனைவியிடம் வீறாப்பாகச் சொன்னவன் நான்தான்: "மூச்சு வாங்குச்சுன்னா சொல்லு, கையப் புடிச்சுக்கறேன்."

சனிக்கிழமை காலை ஏறத் தொடங்கினோம். காட்டுப்பாதை வரை வீறாப்பு தாங்கியது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மொட்டைப் பாறையில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அவள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். பின்னாலேயே போன நான் பாதியில் கீழே பார்த்துத் தொலைத்தேன். எங்கோ ஆழத்தில் ஓர் ஏரி, கண்ணாடித் துண்டு அளவுக்குத் தெரிந்தது. ஒரு முழத்துக்கு அப்பால் எதையும் உற்றுப் பார்த்துப் பழகாத கண் என்னுடையது. அவ்வளவு தூரத்தை அது தாங்கவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே காத்து நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். விழுந்து சாகப்போகிறேன் என்றே நினைத்தேன்.

மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "இன்னாங்க, கண்ண தொறக்காதீங்க. தறியில குந்திக்கினு இருக்கறதா நெனச்சுக்கோங்க. வலது கால் மிதிங்க."

நன்றாக அழுத்தி மிதித்தேன். இடது கால் மேலே வரும் என்று காத்திருந்தேன். தறியில் ஒரு மிதிக்கட்டையை அழுத்தினால் இன்னொன்று காலோடு தானே எழும்பி வரும். ஏணி அப்படியே நின்றது. "மிதிச்சுட்டேன், வரமாட்டேங்குதே!" என்று கத்தினேன். கீழே யாரோ சிரித்தார்கள்.

அவளும் சிரித்துவிட்டாள். "அது தானா வராதுங்க. நீங்கதான் தூக்கணும். தூக்குங்க... இப்ப மிதிங்க."

எங்கள் தறியில் சொல்கிறவன் நான். பட்டுப்புடவையின் உடலை நான் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து இழை ஓட்டும் நாடாவைக் கரைக்கு விடுவது அவள். "போடு" என்பேன், போடுவாள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். அன்றைக்கு அவள் சொல்ல நான் மிதித்தேன். பதறவில்லை, அதட்டவில்லை, ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

உச்சியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்தேன். நாலு பக்கமும் மலை, அதற்கப்பாலும் மலை. மேகத்தின் நிழல் வயல்கள் மேல் மெதுவாக நகர்ந்து போனது. இத்தனை பெரிய உலகம் இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது! திரும்பினால், காற்றில் முடி பறக்க அவள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். தறியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இருவர் கண்ணும் பாவு நூலின் மேல்தான் இருக்கும். அவளை நேராக, அவ்வளவு வெளிச்சத்தில் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ. மலையைவிட அதுதான் எனக்குப் பெரிய பிரமிப்பு.

ராத்திரி உச்சிக் கோயிலில் தங்கிவிட்டு மறுநாள் இறங்கும்போதும் அவள் குரல்தான். சாயங்காலம் எங்கள் ஊர் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் முதுகுப் பையைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் என்று நினைத்த ஓர் ஆட்டோக்காரர், "பட்டுப்புடவ கடைக்கு இட்டுக்கினு போவட்டுமா சார்?" என்றார். வீடு வரை அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை காலை தறியில் உட்கார்ந்தோம். "போடு" என்றேன், போட்டாள். அடுத்த இழைக்குக் காத்திருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "தானா வராதுங்க. மிதிங்க."