விஜயகலா டீச்சரின் கல்விமாணிக் கணக்கு

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விஜயகலா டீச்சர் முகம்கூடக் கழுவ மாட்டாள். நேரே அடுப்படிக்குப் போய்ப் பலகையில் குந்திவிடுவாள். தேத்தண்ணிக் கோப்பை கைக்கு வருமுன்னே வாய் ஆரம்பித்துவிடும். கல்விமாணி என்கிற பி.எட். பட்டத்துக்குக் கட்டணம் இவ்வளவு. சனி ஞாயிறு இரத்தினபுரிக்குப் போய்வர பஸ் காசு இவ்வளவு. பகல் சோறு, போட்டோகொப்பி, ஒப்படைக் கட்டுரை டைப் அடிக்கிற காசு எல்லாம் சேர்த்து இன்னும் இவ்வளவு. அத்தனையும் செலவழித்துப் பட்டம் வாங்கினால் சம்பளத்தில் கூடுவது எவ்வளவு என்று சொல்ல வரும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

"போட்ட காச எடுக்கவே எனக்கு நாப்பது வயசு தாண்டிரும்மா."

அம்மா கருப்பாயி பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். காலையிலிருந்து மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். தங்கச்சி சசி அந்தப் பக்கமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் விழுந்துவிட்டது. இரண்டாம் தடவை எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். இடையில் பிறந்த தம்பி சுமன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்குப் போன் எடுப்பான்.

டீச்சர் சலித்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசிரியர் உதவியாளர் என்று பேர் வைத்து, மாதம் வெறும் பத்தாயிரத்தைக் கையில் கொடுத்து, வருடக்கணக்காக வகுப்பில் நிற்க வைத்தார்கள். சேலை டீச்சர் சேலை, சம்பளம் மட்டும் டீச்சர் சம்பளம் இல்லை. கொழுந்து நன்றாக விழுகிற மாதங்களில் அம்மா அவளைவிடக் கூடுதலாகக் கொண்டுவந்தாள். அதையும் டீச்சர் அடுப்படியில் குந்தித்தான் சொல்வாள், நூறு தடவை சொல்லியிருப்பாள். பிறகு பயிற்சிக் கலாசாலைக்குப் போய் நிரந்தரமானாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், பதவியில் மேலே ஏறப் பட்டம் வேண்டும் என்றார்கள். கல்யாணப் பேச்சை எடுக்க வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

பக்கத்து வகுப்பு அபீபா டீச்சர் பலாங்கொடை டவுனிலிருந்து வருகிறவர். போன வருடம்தான் பட்டத்தை முடித்திருந்தார்.

"சல்லிக்காகப் பாக்க வாணாம் டீச்சர். செஞ்சி முடிச்சா மனசுக்கு ஒரு நிம்மதி ஈக்கிது" என்றார்.

அபீபா டீச்சரின் கணவருக்கு டவுனில் துணிக்கடை இருந்தது. நிம்மதி வராமல் என்ன செய்யும் என்று விஜயகலா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஆசை விடவில்லை. விண்ணப்பம் போட்டாள், தெரிவும் ஆனாள்.

பணத்துக்கு வழி சொன்னது கருப்பாயிதான். வேலையிலிருந்து பேரை வெட்டிக்கொண்டால் இத்தனை வருடம் சம்பளத்தில் பிடித்த ஈ.பி.எப். சேமலாபக் காசு கைக்கு வரும், அதைக் கட்டு என்றாள்.

"பேர வெட்டினா காம்பரா?" என்று விஜயகலா கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. வீட்டில் ஒருவராவது பேர் பதிந்து தோட்டத்து வேலைக்குப் போனால்தான் லயத்துக் காம்பரா என்கிற இந்தத் தோட்டத்து வீடு அவர்களுக்கு. பேர் இல்லையென்றால் இன்றைக்கோ நாளைக்கோ காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். பின்னால் இறக்கிக் கட்டிய குசினி அடுப்படியும், சீமெந்து போட்ட வாசலும் கருப்பாயியின் சொந்தக் காசு. அதை யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை.

"பெரிய கிளாக்கர் ஐயாகிட்ட பேசிட்டேன். ஒன்னும் ஆவாது, நீ படி" என்றாள் அம்மா.

தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் அப்படியெல்லாம் இரக்கப்படுகிற ஆள் இல்லை என்று விஜயகலாவுக்குத் தெரியும். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை வெளியில் வந்திருக்கும். அவள் கேட்கவில்லை. களைப்பாக இருந்தது, பட்டமும் வேண்டியிருந்தது. அம்மாவின் பேர் வெட்டுப்பட்டது, காசும் வந்தது.

கட்டணம் கட்டக் கடைசி நாள் அன்று அவள் அரை லீவு சொல்லியிருந்தாள். வங்கிக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை துஷ்யந்தி இரண்டு கிழமையாகப் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய அப்பா இராமசாமியைப் பிடித்துப் பேசலாமென்றால் மனிதர் வீட்டில் இருந்தால்தானே. தோட்டத்து வேலை முடிந்ததும் நாட்டுப் பக்கம் என்கிற சிங்களக் கிராமத்து முதலாளிகளின் தோட்டத்தில் புல்லு வெட்டப் போய்விடுவார். அவரைப் பிடிக்க ஒரே இடம், விடிகாலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களம்தான். வழக்கமாக அந்த நேரத்தில் விஜயகலா பள்ளிக்கூட பஸ்ஸில் இருப்பாள்.

பிரட்டுக்களத்தில் ஒரு ஓரமாக இராமசாமியை நிறுத்தி அவள் பேச ஆரம்பித்தாள். வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிய பேச்சு.

"அண்ண, சும்மா ஒரு மாசம் மலைக்குப் போகட்டும்னு விடாதீங்க. கையில காசு பாத்த புள்ள திரும்பி வராது. படிப்புக்குச் செலவழிக்கிறது வீணாப் போகாதுண்ண. இன்னிக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்."

இராமசாமி தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அந்தப் பக்கத்தில் கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சசிகலா!"

"இருக்கேங்க!"

குரலை விஜயகலாவுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்தாள். பெண்கள் கூட்டத்தில் சசி நின்றாள். இடுப்பில் சுற்றிய அம்மாவின் படங்குச் சாக்கு, தலையில் அம்மாவின் கூடைக் கயிறு. பலாங்கொடைக்கு டியூசன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த சசி.

இராமசாமி கெட்ட மனிதர் இல்லை. குத்திக்காட்டுவதற்காகவும் கேட்கவில்லை.

"தங்கச்சி மூணு நாளா வருதே, டீச்சருக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

விஜயகலாவுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மலைக்கு ஏறுகிற பாதையில் போய்ச் சசியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னாடி இது? அம்மா சொல்லிச்சா ஒன்ன?"

"வீட்டுல ஒருத்தர் பேராவது வேணும்னு பெரிய கிளாக்கர் சொல்லிட்டாரு. அம்மா வேணாம்னுதான் சொல்லிச்சி. நான்தான் பேர் குடுத்தேன். காம்பராவுலேர்ந்து எழுப்பிட்டா எங்க போறது?"

"காம்பரா போனா போவுது! டவுன்ல கூலிக்கு வீடு எடுப்போம். நீ பரீட்ச எழுதணும்."

"எழுதி?"

சசி அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அக்காவின் கையை விடுவித்துக்கொண்டு, சின்ன வயதில் கேட்பது போலவே கேட்டாள்.

"எழுதி என்னாக்கா செய்யிறது? ஒன்ன மாதிரி டீச்சராவா? பத்தாயிரத்துக்கு மாரடிச்சேன்னு நீதான சொன்ன. அம்மா ஒன்னவிட கூட எடுத்திச்சின்னு நீதான சொன்ன. போட்ட காசு திரும்பி வராதுன்னு தினமும் நீதான சொல்ற. நான் பக்கத்துலதான இருந்தேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

விஜயகலாவிடம் பதில் இருந்தது. தோட்டத்துத் தாய் தகப்பன்மார் அத்தனை பேருக்கும் கொடுத்த பதில், சற்று முன்னால் இராமசாமிக்குக் கொடுத்த அதே பதில். சசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளை ஒரு நாள் பலகையைப் பார்த்துத் தானாக வாசித்ததும், பயிற்சிக் கலாசாலையில் பிள்ளைகளை அழவைக்காமல் படிப்பிக்கக் கற்றுக்கொண்டதும், அன்றெல்லாம் வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்த சந்தோசமும் உண்மைதான். அதில் ஒன்றைக்கூட அவள் வீட்டில் சொன்னதில்லை. நல்லதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு அலுப்பை மட்டும் வீட்டுக்குச் சுமந்து வந்திருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் இந்தப் பிள்ளை வளர்ந்திருக்கிறது.

"நான் சும்மா சொன்னதுடி அதெல்லாம்" என்றாள். அவளுக்கே அது பொய்யாகக் கேட்டது. சும்மா சொல்லவில்லையே, ஒவ்வொரு ரூபாயும் உண்மைதானே.

மேலேயிருந்து கங்காணி சத்தம் போட்டார். சசி கூடையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ போக்கா. இன்னிக்குத்தான கடைசி நாளு? கட்டாம வுட்டுறாத. அம்மா பேரும் போயி, நானும் மலைக்கு வந்து, நீயும் படிக்கலன்னா மூணு பேருக்கும் நட்டம்."

விஜயகலா அன்று பணத்தைக் கட்டினாள். வேறு என்ன செய்வது? கட்டாமல் விட்டால் சசி மலையிலிருந்து இறங்கிவிடுவாளா? வங்கியில் பணத்தை எண்ணி வாங்கிய பிள்ளைக்குச் சசியின் வயதுதான் இருக்கும். எதற்கான கட்டணம் என்று பார்த்துவிட்டு, "சுப பத்தும் மிஸ்" என்று சிரித்த முகமாகச் சிங்களத்தில் வாழ்த்தியது. விஜயகலா பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனத்துக்கு நடுவில் நின்று அழுதாள்.