முதுகுக்கு ஒரு நாசில்

தீப்பிடித்த ரிங் ஃபிரேம்

நான் வாக்குவம் கிளீனருக்கு மூக்கு செய்கிறவள். மெஷின் செய்கிறவள் இல்லை. மெஷினை யாரும் வாங்கி விற்கலாம். அதன் குழாய் முனையில் மாட்டும் நாசில்தான் என் வேலை. சந்திலும் மூலையிலும் நுழைந்து தூசியை உறிஞ்ச வேண்டியது அதுதான். ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பட்டறையில் பல வருடமாக இதைத்தான் செய்கிறேன். புதிதாக டிசைன் வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படம் வரைந்துவிட்டு "முடிஞ்சுது மேடம்" என்று வந்து நிற்கிறார்கள். எங்கே முடிந்தது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். அங்கே ஒரு ரிங் ஃபிரேம் தீப்பிடித்தது. நூல் முறுக்கும் நீளமான மெஷின் அது. மோட்டார் பெல்ட்டுக்குப் பின்னால் சேர்ந்திருந்த பஞ்சுத் தூசியில் பொறி விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜருக்கு மட்டும் முகம் வெளுத்துப் போயிருந்தது.

அது ஒன்றும் அதிசயம் இல்லை. மில்லில் ஏர் ஹோஸைப் பிடித்துக் காற்றை அடித்துத்தான் சுத்தம் செய்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஒரு அடியில் மெஷின் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் தூசி எங்கேயும் போகாது, இடம்தான் மாறும். பாதி போய் மூலையில் அடையும். மீதி நூலில் ஒட்டும், நின்று அடிக்கிறவளின் நெஞ்சுக்குள் போகும்.

எங்கள் பட்டறை முதலாளியை ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் போய்ப் பேசி, ஏர் ஹோஸுக்குப் பதில் வாக்குவம் வைத்துப் பார்க்க அந்த மேனேஜரைச் சம்மதிக்க வைத்தார். திரும்பி வந்து என் மேஜை முன் நின்றார்.

"எஸ்தரு, கேட்டுக்கோ. இந்த மில்லுல உன் நாசில் நின்னாத்தான் நமக்கு இந்த வேலை. நிக்கலைன்னா மூடிருவேன். நீ பழையபடி டிராலி வீலு வரைய வேண்டியதுதான்."

"மூடுங்க. வீலு வரைய வேற ஆளப் பாருங்க."

"கோவத்துக்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்ல."

"நாசிலுக்கும் கொறச்சல் இருக்காது அண்ணாச்சி. செத்த நேரம் என்னைய வேலை பாக்க விடுங்க."

வாய் பேசிவிட்டது. உள்ளே பயம்தான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து இந்த ஊரில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். "பொம்பளப் பிள்ளைக்கு ஷாப்ல என்ன வேலை" என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். எனக்கென்று கிடைத்த ஒரே வேலை இந்த நாசில்தான். அதை மூடினால் எனக்கு வேறொன்று கிடையாது.

மூன்று நாசில்கள்

முதல் நாசில் தட்டை வாய். நூல் சுற்றும் ஸ்பிண்டில்கள் வரிசையாக நிற்கும் கம்பிக்கு அடியில் கை நுழையாது, அங்கே போவதற்காகச் செய்தது. நுழைந்தது. ஆனால் உறிஞ்சவில்லை. எண்ணெய்ப் பசையோடு கிடக்கும் பஞ்சு, வாயில் குறுக்கே படுத்துக் கம்பளி மாதிரி ஆகிவிட்டது. தரையோடு வாயை ஒட்டி வைத்தால் காற்று உள்ளே வர வழியே இல்லை. காற்று ஓடினால்தான் தூசி ஓடும். வாயைச் சாய்வாக வெட்டி, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டேன். சரியாயிற்று.

இரண்டாவது, வாத்துக் கழுத்து மாதிரி வளைந்தது. பெல்ட்டுக்குப் பின்னால், தீப்பிடித்த அதே இடத்துக்குப் போகிற நாசில். அது வேலை செய்தது, ஆனால் ஷாக் அடித்தது. பிளாஸ்டிக் குழாயில் காய்ந்த பஞ்சு வேகமாக ஓடினால் கரண்ட் ஏறும். தொட்ட கை துள்ளும். குழாய்க்குள் செம்புக் கம்பி ஓட்டி மெஷின் பாடியில் எர்த் கொடுத்தேன்.

மூன்றாவது, ரோலர்களுக்கு நடுவில் நுழையும் சின்ன பிரஷ் நாசில். பிரஷ் முடியில் நூல் சுற்றிக்கொண்டது. முடியை வட்டமாக வைக்காமல் ஒரே வரிசையாக வைத்தேன். சுற்ற இடமில்லை.

மூன்றும் நின்றன. நானே மெஷின் மெஷினாகப் போய்ப் பார்த்தேன். மூலையில் கையை விட்டு எடுத்தால் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அன்றைக்கு நான் அண்ணாச்சியிடம் சொன்ன வார்த்தையும் அதுதான்: முடிஞ்சுது.

காணாமல் போன மூக்குகள்

அடுத்த வாரம் மேனேஜரிடமிருந்து போன். அவர் கோயம்புத்தூர்க்காரர். கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார்.

"ஏனுங்க மேடம், உங்க மெஷின் சும்மா நிக்குதுங்க. வந்து பாருங்க."

போனேன். மெஷின் மூலையில் நின்றது. தூசிப் பை வெடிக்கிற மாதிரி நிரம்பியிருந்தது. ஒருவரும் கொட்டவில்லை. நாசில் ஒன்றுகூட இல்லை. மறுபடி ஏர் ஹோஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேடினோம். வாத்துக் கழுத்து, கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் கிடந்தது. தட்டை வாயும் பிரஷ் நாசிலும், கக்கூஸ் ஜன்னலுக்கு வெளியே.

"பாத்தீங்களா? வேணும்னே பண்றாங்க. அந்த கிளீனிங் கேங் லீடர் இருக்குதே, பேச்சியம்மா, அதையும் கூட ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்புனா எல்லாம் சரியாப் போயிருமுங்க. இல்லீன்னா உங்க மெஷினை எடுத்துட்டுப் போயிருங்க. இந்த வாரக் கடைசி வரைக்கும் பாக்கறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் மேல் இல்லை, அந்தப் பெண்கள் மேல். அவர்கள் நெஞ்சுக்குள் பஞ்சு போகக் கூடாது என்று நான் மாடாக உழைத்திருக்கிறேன். அதைக் கக்கூஸ் ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறார்கள்.

ஷிஃப்ட் முடிகிற நேரம்

பேச்சியம்மாளைத் தேடிப் போகும்போது ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது. கிளீனிங் கேங் முழுவதும் கடைசி மெஷினுக்குப் பின்னால் வரிசையாக நின்றிருந்தது. மில் கொடுத்த கோட்டைக் கழற்றியிருந்தார்கள். கோட்டும் தலைத் துணியும் எதற்கு இருக்கிறதோ தெரியாது, கழுத்து வழியாகவும் இடுப்பு வழியாகவும் பஞ்சு உள்ளே போய்விடும். சடை, புருவம், காது மடல், சேலைக் கொசுவம் எல்லாம் வெள்ளை. பேச்சியம்மாள் ஏர் ஹோஸைப் பிடித்து ஒவ்வொருத்தி மேலும் காற்றை அடித்துக்கொண்டிருந்தாள். நின்றவள் கண்ணை இறுக மூடித் திரும்பித் திரும்பிக் காட்டினாள். அடிக்கிறவள் விடாமல் இருமினாள்.

நான் போய் வால்வை மூடினேன்.

"யாரு ஏட்டி அது?" என்று திரும்பினாள். என்னைப் பார்த்ததும், "ஓ, மூக்கு மேடமா?"

"நாசிலை ஒளிச்சு வச்சது யாரு?"

"நான்தான். இப்ப என்ன செய்யணுங்கீய?"

"உங்களுக்குத்தான செஞ்சேன்? இருமுறீங்களே, அது காதுல விழலையா?"

"இருமல் என் வீட்டுக்குள்ள கேக்கும். பஞ்சு ஊருக்கே தெரியும்லா?" என்றாள். "உங்க மெஷினு இங்க நிலைச்சுட்டா இந்த ஏர் லைனையே கழத்திருவாகளாம். மேனேஜர் சொல்லிட்டாரு. பொறவு நாங்க எப்படி பஸ் ஏற? போன மாசம் காத்து வரல. இப்படியே ஏறுனேன். கண்டக்டர் என்ன சொல்லுதான் தெரியுமா? மெத்தைக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட் போடணுமாம். பஸ்ஸே சிரிக்குது. பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திட்டு எந்திரிச்சுப் போறா. சுந்தரபாண்டியம் வார வரைக்கும் தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்தேன்."

"காத்தை மேல அடிக்கக் கூடாதுக்கா. கண்ணுல பட்டா கண்ணு போயிரும்."

"அப்ப உங்க மெஷினு உறிஞ்சட்டும். உறிஞ்சுமா?"

எனக்கும் வீம்பு. மெஷினைத் தள்ளி வந்து, தட்டை வாயை மாட்டி, வரிசையில் முதலில் நின்ற பெண்ணின் தோளில் வைத்தேன். முந்தானை சர்ரென்று வாய்க்குள் போய்விட்டது. அவள் இழுக்க, மெஷின் இழுக்க, சுவிட்சை அணைப்பதற்குள் பாதிச் சேலை குழாய்க்குள்.

"ஏட்டி, மெஷினு சேலைய உரியுதுடீ!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரித்துச் சிரித்து, அது இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. முந்தானையை உருவிக் கொடுத்துவிட்டு பேச்சியம்மாளின் முதுகைப் பார்த்தேன். காற்றடித்தும் நடு முதுகில், சடைக்கு அடியில், பஞ்சு அப்படியே இருந்தது. அவளுக்கே எட்டாத இடம். இந்த மில்லில் எல்லா இடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். இது ஒன்று பாக்கி.

"டேப்பு இருக்கு. செத்த திரும்புங்க," என்றேன்.

"எதுக்கு, சட்டை தைக்கவா?"

"மூக்கு தைக்க."

நான் அளந்துகொண்டிருக்கும்போதே, எந்த ஊர் என்று கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம் பக்கம் என்றேன். "நம்ம ஊர்ப் பக்கந்தானா? அப்ப நல்லா அளந்துக்க ஏட்டி," என்றாள். மேடம் என்பதை அத்தோடு விட்டுவிட்டாள்.

நான்காவது

மனித உடம்புக்கு நாசில் செய்வது மெஷினுக்குச் செய்வதற்கு நேர் எதிர். மெஷினுக்கு வாய் சின்னதாக, இழுப்பு பலமாக வேண்டும். இதற்கு வாய் உள்ளங்கை அகலம், இழுப்பு மெதுவாக. சேலையும் முடியும் உள்ளே போகாதபடி வாயில் கம்பி வலை. பிடியில் ஒரு பெரிய ஓட்டை, அதைக் கட்டை விரலால் மூடித் திறந்து இழுப்பைக் கூட்டிக் குறைக்கலாம். நைலான் பிரஷ் சேலை இழையைப் பிய்த்தது, அதனால் ஷேவிங் பிரஷ்ஷில் வரும் மெத்தென்ற முடியை வைத்தேன். கழுத்தை வளைத்து நீளமாக்கினேன், ஒருத்தி முதுகை இன்னொருத்தி நின்றபடியே துடைக்கலாம்.

இன்னொன்றும் செய்தேன். மெஷின் முதுகில் ஒரு தாங்கி வைத்தேன். நான்கு நாசிலுக்கும் அதில் இடம் உண்டு. நான்கும் தாங்கியில் இருந்தால்தான் ஷிஃப்ட் முடியும்போது இந்த வண்டி கதவோரம் வரும் என்று பேச்சியம்மாளிடம் மட்டும் சொன்னேன். தூசிப் பை நிரம்பியிருந்தால் முதுகை உறிஞ்ச இழுப்பு இருக்காது என்பதையும் சொன்னேன்.

"அப்ப பையக் கொட்டாதவ வெள்ளையாத்தான் வீட்டுக்குப் போவாங்கிறே," என்றாள்.

"ஆமா."

"நல்ல ஆளுதான் நீ."

வாரக் கடைசி

மேனேஜர் வந்தார். அண்ணாச்சியும் வந்திருந்தார், எனக்கு வீல் வேலையை நினைவூட்டுகிற முகத்தோடு. புது நாசிலைப் பார்த்ததுமே மேனேஜர் தலையை ஆட்டினார்.

"மேடம், நான் மெஷின் சுத்தம் பண்ணத்தானுங்க கேட்டேன். ஆளைச் சுத்தம் பண்றதுக்கு இல்லீங்க."

அண்ணாச்சி என் முழங்கையைத் தொட்டார், பேசாதே என்று. நான் பேசினேன்.

"சார், நீங்க மூணு பேர வீட்டுக்கு அனுப்புனாலும் நாலாவது ஆளும் ஒளிச்சுத்தான் வைக்கும். இது இல்லாம மத்த மூணும் நிக்காது. நாலும் வேணும், இல்லைன்னா நாலையும் எடுத்துட்டுப் போறேன். ஷிஃப்ட் முடியிற வரைக்கும் நில்லுங்க. நின்னு பாத்துட்டு முடிவு சொல்லுங்க."

நின்றார். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி உருண்டு வந்தது. பேச்சியம்மாள் தள்ளி வந்தாள். தாங்கியில் நாசில்கள் வரிசையாக இருந்தன. தூசிப் பை கொட்டித் தட்டி மாட்டியிருந்தது. மேனேஜர் குனிந்து பெல்ட்டுக்குப் பின்னால் கையை விட்டார். விரலைப் பார்த்தார். மறுபடி விட்டார். ஒன்றும் ஒட்டவில்லை.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி. கண்ணை யாரும் மூடவில்லை, பேசிக்கொண்டே நின்றார்கள். "ஏட்டி, காதுக்குப் பின்னால விட்டுட்ட பாரு." "உனக்கு காதா அது, முறமா?"

மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு வண்டி குடுங்க," என்றார். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஏர் லைனைக் கழற்றச் சொன்னார். பேச்சியம்மாள் நின்று பார்த்தாள்.

பஸ்

அன்றைக்கு நானும் அவர்களோடே பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போகிற வழிதானே. பேச்சியம்மாள் முன்னால் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னக்கா, இன்னைக்கு மில்லு லீவா?"

"ஏலே, லீவுன்னா உன் பஸ்ல எனக்கென்ன சோலி? சுந்தரபாண்டியம் ஒண்ணு குடு. லக்கேஜுக்கும் போடு பாப்போம்."

அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டான். அவள் தலையை நிமிர்த்தி, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் இருமினாள். பக்கத்தில் இருந்தவள் எழுந்து போகவில்லை.

இருமல் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பல வருடப் பஞ்சு ஒரு நாசிலில் வெளியே வராது. ஆனால் அந்த மில்லில் இப்போது புதிதாகச் சேருகிற பெண்களுக்கு ஏர் ஹோஸ் என்றால் என்னவென்றே தெரியாது. பேச்சியம்மாள் சொல்லிக் கொடுக்கும்போது, "அப்பல்லாம் மேல காத்தடிப்போம்" என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். நாசில் வேலையும் மூடவில்லை. அண்ணாச்சி இப்போது வீல் பேச்சே எடுப்பதில்லை.

டிசைன் பண்ண வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினை அளந்ததும் வீட்டுக்குப் போய்விடாதே. ஷிஃப்ட் மணி அடிக்கிற வரைக்கும் நில். அதைப் பிடித்து வேலை செய்கிறவள் எந்தக் கோலத்தில் வெளியே போகிறாள் என்று பார். அதற்குப் பிறகு என் மேஜைக்கு வந்து சொல், முடிஞ்சுது என்று.