சகலைக்கு வைத்த சவுண்ட்

பொறாமை கீழான குணம் என்று சொல்கிறவர்களுக்குச் சகலை என்று ஒருவர் இருந்திருக்க மாட்டார். இருந்திருந்தாலும் அந்தச் சகலை கவிதை எழுதியிருக்க மாட்டார்.

ஊரில் எந்த விழா என்றாலும் ஒலிபெருக்கி வைப்பவர் நம் மைக்செட்காரர். கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, செருப்புக்கடைத் திறப்பு என்று அவருடைய "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" நுழையாத காது ஊரில் இல்லை. இத்தனை காதுகளுக்குள் போய்வந்த குரல் வெறும் ஹலோவோடு நின்றுவிடுவது தமிழுக்குச் செய்கிற துரோகம் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. கவிதை எழுத ஆரம்பித்தார். யாரும் தடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களின் சுபாவம் அப்படி.

நூலகத்து மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கவிதை வாசிப்பு நடக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், கடகடவென்று சுற்றும் மின்விசிறிகள், பின்னால் ஒரு மேசையில் டீ. அங்கே மைக்செட்காரர் காசு வாங்காமல் சவுண்ட் வைத்துக் கொடுப்பார். அதற்குப் பதிலாகக் கடைசிக் கவிதை அவருடையது. முக்கியமானவரைத்தான் கடைசியில் வைப்பார்கள் என்பது அவர் கொள்கை. வயரைச் சுருட்ட எப்படியும் கடைசிவரை இருக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான் என்பது நூலகர் அம்மாவின் கொள்கை. இரண்டும் ஒத்துப்போனதால் பல வருடங்கள் சண்டையில்லாமல் ஓடின.

கெடுத்தது சகலை. மைக்செட்காரரின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி உண்டு, அவளுடைய கணவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்பீக்கர் பெட்டியை மாடிக்குத் தூக்க ஆள் வேண்டும் என்று போன வருடம் அவனை அழைத்துப்போனது சாட்சாத் மைக்செட்காரரேதான். பெட்டியை வைத்த கையோடு கிளம்பியிருக்கலாம். உட்கார்ந்து கேட்டான். அடுத்த மாதம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "அண்ணே, நானும் ஒண்ணு கிறுக்கியிருக்கேன், சும்மா படிக்கவா?" என்றான்.

சும்மா படித்தவனுக்குக் கை தட்டினார்கள். அதற்கடுத்த மாதம் பலமாகவே தட்டினார்கள். மைக்செட்காரருக்கு வயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது அன்றுதான். பிறகு யாரும் விறகு போடத் தேவைப்படவில்லை, அதுவாகவே எரிந்தது.

இந்த நிலைமையில்தான் நூலகர் அம்மா அறிவித்தார்: "நம்ம ஆண்டு நிகழ்ச்சிக்கு இந்த வருஷம் இசைக்குழு வருது. கிட்டார், வயலின், டிரம்ஸ். அவங்களோட சேர்ந்து நம்மள்ல ஒருத்தர் கவிதை வாசிக்கலாம். ஒருத்தர்தான். இந்த மாசம் எல்லாரும் படிங்க, கேட்டுட்டு நான் முடிவு பண்றேன்."

மைக்செட்காரர் வாழ்நாள் முழுக்க இசைக்குழுக்களுக்குப் பின்னால் குனிந்து வயர் சொருகியவர். ஒருமுறையாவது அவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும்.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரரு இந்தத் தடவை லிஃப்டைப் பத்தி எழுதியிருக்காராம்," என்றாள் மனைவி, வாசிப்பு நடக்கிற ஞாயிறு காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி. "போன்ல படிச்சுக் காட்டினா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"என் கவிதைக்கு என்னிக்காவது கலங்கியிருக்கியா?"

"உங்களதுக்கா? ஏன் கலங்காம. அந்த ஸ்பீக்கர் பக்கத்துல உட்கார்ந்தா எல்லாமே கலங்குது."

அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டும்போதே முடிவு எடுத்துவிட்டார்.

மேடையில் நிற்பவர் தன் குரலைத் தானே கேட்க, காலடியில் அவரைப் பார்த்தபடி ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். சபைக்கான பெரிய ஸ்பீக்கர்கள் வேறு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ். சின்னதை அப்படியே விட்டுப் பெரியதைக் குறைத்தால், வாசிப்பவனுக்குத் தன் குரல் கணீரென்று கேட்கும், சபைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வரும். உலகத்தில் எந்தக் கவிஞனும் கண்டுபிடிக்க முடியாத குற்றம் இது.

அன்று மாலை சகலை மைக் முன்னால் வந்தான். மைக்செட்காரர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, முகத்தில் தொழில் பக்தியை வரவழைத்துக்கொண்டு, பெரிய ஸ்பீக்கரின் குமிழை இறக்கினார்.

"இரண்டு தளங்களுக்கு நடுவில் நிற்கிறது பெட்டி," என்று தொடங்கினான் சகலை.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை. 'சத்தம் பத்தல' என்று கூச்சல் எழும், அவன் தடுமாறுவான், இறங்குவான் என்று மைக்செட்காரர் காத்திருந்தார். கூச்சல் எழவில்லை. தையற்கடைக்காரர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் கெட்டிலைக் கீழே வைத்தார். பின்வரிசைக்காரர்கள் நாற்காலியை ஓசைப்படாமல் தூக்கி முன்னால் வந்தார்கள். எல்லாத் தலைகளும் மேடைப்பக்கம் சாய்ந்தன. அந்த மாடியில் அப்படியொரு அமைதியை அவர் பார்த்ததே இல்லை. கரண்ட் போனபோதுகூட.

"உள்ளே யாரோ கேட்கிறார்: இருக்கீங்களா?
இருக்கிறேன் என்கிறேன்.
அதற்கு மேல் என்ன சொல்வதென்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை."

கவிதை முடிந்தது. பிறகு தட்டினார்கள் பாருங்கள், மைக்செட்காரரின் மிக்ஸரில் சத்தம் எல்லை மீறினால் எரிகிற சிவப்பு விளக்கே எரிந்துவிட்டது.

கடைசியில் அவர் முறை. கவிதையின் தலைப்பு 'மௌனம்'. அதற்கு முழு வால்யூம் வைத்துவிட்டு மேடையேறினார். ஒரு சொல்லும் ஒருவருக்கும் தப்பவில்லை. அதனாலேயே யாரும் சாய்ந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தார்கள், டீயை உறிஞ்சினார்கள், பக்கத்திலிருப்பவரிடம் பேச ஆரம்பித்தார்கள். மௌனத்தை மீறிப் பேச வேண்டியிருந்ததால் கத்தியே பேசினார்கள். இரண்டாம் பத்தியில், "பொண்ணு பரீட்சை எழுதிட்டாளா?" என்று தையற்கடைக்காரர் கேட்டது மேடை வரைக்கும் தெளிவாக வந்தது.

வயரைச் சுருட்டும்போது நூலகர் அம்மா அருகில் வந்தார். "உங்க சகலைதான் சார், சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு. இன்னிக்கு அவருக்கு வச்சீங்களே ஒரு சவுண்ட், அது அப்படியே வேணும். எப்படி சார் வச்சீங்க?"

"அனுபவம்," என்றார் மைக்செட்காரர். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆண்டு நிகழ்ச்சி அன்று மாடி நிரம்பி வழிந்தது. கிட்டார்காரர் முதலில் மெதுவாக ஆரம்பித்தார், வயலின் சேர்ந்தது, டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டினார். சகலை புதுச்சட்டையில் நின்று வாசிக்கத் தொடங்கினான். அந்தச் சட்டை அவனுக்குப் பொருந்தியிருந்தது வேறு தாங்க முடியவில்லை.

மைக்செட்காரர் வரும்போதே திட்டம் போட்டிருந்தார்: முழு வால்யூம். 'மௌனம்' பட்ட பாட்டை லிஃப்டும் படட்டும். நூலகர் அம்மா கேட்டபடி குறைத்தே தொடங்கியிருந்தார், ஆனால் விரல் குமிழின்மேல் இருந்தது. மனைவி வேறு மிக்ஸருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, கேக்கவே இல்ல, கொஞ்சம் கூட்டுங்களேன்," என்று கிசுகிசுத்தாள். கட்டின மனைவியே கேட்கிறாள். இதைவிட நல்ல சாக்கு ஒரு சதிகாரனுக்குக் கிடைக்காது.

நிமிர்ந்து பார்த்தார். எல்லாத் தலைகளும் சாய்ந்திருந்தன. அந்தச் சாய்வு சகலையுடையது அல்ல, கவிதையுடையதுகூட அல்ல, தன் விரலுடையது என்று அவருக்குப் பட்டது. கூட்டினால் சகலை கெடுவான், சரி. கூடவே தன் வாழ்நாளின் ஒரே நல்ல வேலையும் கெடும்.

"கேக்கலன்னா குனிஞ்சு கேளு," என்று சீறினார். மனைவி குனிந்தாள்.

கவிதை முடிந்தது, வயலினும் ஓய்ந்தது, கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. சகலை மைக்கை விட்டு நகரவில்லை. ஹெட்ஃபோனில் அவன் குரல் தெளிவாக வந்தது.

"இந்தக் கைதட்டல் எனக்கில்லீங்க, எங்க அண்ணனுக்கு. அதோ, மிக்ஸருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்காரு. எல்லாரும் அவரை மைக்செட்காரர்ங்கறோம். அவரு கவிஞருங்க. அவரு எழுதறதைப் பார்த்துத்தான் நான் எழுதக் கத்துக்கிட்டேன்."

மைக்செட்காரர் முதுகை நிமிர்த்திக்கொண்டு சபையைப் பார்த்தார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கைதட்டலுக்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரல் யாருக்குக் கேட்கும்? பதறிப்போய்க் குமிழைக் கடைசிவரை ஏற்றினார். ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிட்டு, பிறகு இடியாக முழங்கியது:

"...வெளிய டீ ரெடியா இருக்கு, எல்லாரும் குடிச்சிட்டுப் போங்க!"

கூட்டம் எழுந்தது. நாற்காலிகள் இழுபட்டன.

"நடுவுல என்னமோ உங்க பக்கம் கையைக் காட்டிச் சொன்ன மாதிரி இருந்துதே?" என்றாள் மனைவி. "என்ன சொன்னாரு?"

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். சொன்னால் தன் பெருமை ஊருக்குத் தெரியும். கூடவே சகலையின் பெருந்தன்மையும் தெரியும். அதிலும் அவனே முந்திக்கொண்டான் பாருங்கள்.

"டீ ரெடியாம்," என்றார். வயரைச் சுருட்டக் குனிந்தார்.