ஸ்டெல்லா டீச்சர் வீட்டு முடி உருண்டைகள்

ஸ்டெல்லா டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்துத் திறந்து என் டிராலி மேல் வைத்தபோது, ஏதோ பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளே முடி இருந்தது. கோலிக்குண்டு அளவில் உருட்டிய உருண்டைகள். ஜெப எண்ணெய் பட்டு மினுமினுத்தன.

செம்பூரில் நான் பார்லர் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் கட்டிங், கலரிங் எல்லாம் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் தலையில் கண்ணில் பட்டதை எப்படிச் சொல்வது என்பதுதான் லேசில் பிடிபடுவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டீச்சர் புருவம் திருத்த மட்டுமே என்னிடம் வருவார். தலையைத் தொட விட்டதே இல்லை. கொண்டை, அதன் மேல் அகலமான கிளிப், அவ்வளவுதான். கணவர் இல்லை. மகனோடும் மருமகள் ஷீபாவோடும் இருக்கிறார். ஷீபா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். அப்போது அவளுக்கு நாலாம் மாதம்.

"எங்க வீட்ல செய்வினை வச்சிருக்காவ, செல்வி," என்றார் டீச்சர். ஷாம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

உருண்டைகள் முதலில் ஹாலில் சோபாவுக்கு அடியில் கிடந்தனவாம். பாஸ்டர் வந்து மூலைக்கு மூலை எண்ணெய் தொட்டு ஜெபம் பண்ணியிருக்கிறார். குடும்ப ஜெபத்தை ஹாலிலிருந்து டீச்சரின் அறைக்கு மாற்றினார்கள். முடியும் அந்த அறைக்கு வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில், தலையணைக்கு அடியில், கடைசியில் பைபிளின் நடுப்பக்கத்தில்.

"எங்க உக்காந்து ஜெபம் பண்ணுதமோ அங்கதான் கெடக்கு. ஜெபத்தக் கூட்டுனா முடியும் கூடுது," என்றார்.

நல்ல வெயில் நேரம், வெளியே ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. இருந்தும் எனக்கு உடம்பு சில்லிட்டது.

"நான் அசந்து கெடக்கும்போது என் தலையிலயும் எடுக்கா. ஷீபாதான். கத்திரி பட்டுருக்கான்னு நீ பாத்துச் சொல்லு. நீ சொல்லிட்டேன்னா மகன் நாளைக்கே அவள ரயிலேத்தி விட்டுருவான். டிக்கெட் போட்டாச்சி, அவ பெட்டியும் கட்டிட்டா."

பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் வாழ்க்கை என் வாயில் வந்து நின்றது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, கொண்டையை அவிழ்த்து, சீப்பால் பிரித்துப் பார்த்தேன். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. கத்திரி பட்டிருந்தால் ஒரே அளவில் நறுக்கென்று இருக்கும். பூச்சிவெட்டில் உதிர்ந்திருந்தால் தோல் வழவழவென்று இருக்கும். இங்கே ஒன்று அரிசி நீளம், பக்கத்தில் ஒன்று விரல் நீளம் என்று தாறுமாறாக முளைத்திருந்தது. டப்பாவிலிருந்து ஓர் உருண்டையைப் பிரித்தேன். முடிகளின் ஒரு முனையில் வெள்ளையாக வேர் இருந்தது. வெட்டியதில்லை, பிடுங்கியது.

டீச்சர் தரையைப் பார்த்தபடி ஷீபாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். துணிக்கு அடியிலிருந்து அவருடைய இடது கை வெளியே வந்தது. காதைத் தாண்டி மெதுவாக ஏறி, வெறும் இடத்தின் ஓரத்தில் தடவித் தடவி ஒரு முடியைத் தேர்ந்தெடுத்தது. விரலில் சுற்றிச் சுண்டி இழுத்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை, பேச்சும் நிற்கவில்லை. கை கீழே இறங்கி அந்த முடியை உருட்ட ஆரம்பித்தது. பிறகு மறுபடி ஏறியது. அந்தக் கைக்குத் தனியாக ஓர் உயிர் இருந்தது போலிருந்தது. பயந்துவிட்டேன்.

பூச்சிவெட்டு என்று ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அடுத்த உருண்டை கிடைத்ததும் மறுபடி ஷீபாவிடம்தானே போய் நிற்பார்கள். நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, கிளவுஸைக் கழற்றினேன். சுத்தத்துக்காகப் போடுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். என் இரண்டு கட்டைவிரல்களும் நகத்தைச் சுற்றித் தோலுரிந்து சிவந்திருக்கும்.

"இது நானே பிச்சது டீச்சர். டிவி பாக்கும்போது, பில் போடும்போது. ரத்தம் வந்தப்புறம்தான் தெரியும். டாக்டர்ட்ட காட்டுனேன். இது ஒரு நோவு, நெறையப் பேருக்கு இருக்கு, பைத்தியம் இல்ல, திமிரும் இல்லன்னாவ. உங்க தலையில கத்திரி படல. இப்ப உங்க இடது கையில என்ன இருக்குன்னு பாருங்க."

டீச்சர் கையை விரித்தார். பாதி உருட்டிய உருண்டை இருந்தது.

"கை மேல போறது சில நேரம் தெரியும்," என்றார். "பொறவு அது நான் இல்லங்கிற மாரி ஆயிரும். சின்னப் பிள்ளையில எங்கம்மா இந்தக் கையில சூடு வச்சா. அதோட நின்னு போச்சின்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "செய்வினைன்னு சொன்னா சபையே ஜெபம் பண்ணும் செல்வி. இதச் சொன்னா யாரு பண்ணுவா?"

எனக்கு அழுகை வந்தது. டீச்சரே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஷீபா, பெட்டியப் பிரிச்சி வையி. எங்கயும் போவ வேண்டாம். அந்த முடியெல்லாம் என்னோடது. நாந்தான் பிடுங்குதேன்."

கத்தப் போகிறாள், கத்தவும் அவளுக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன்.

"ரொம்ப வலிக்குமா அத்த?" என்று கேட்டாள் ஷீபா.

"இல்லம்மா," என்றார் டீச்சர். "வலிக்கவே மாட்டேங்கு. அதான் பயமா இருக்கு."

இத்தனை வருடமாக எத்தனையோ தலை பார்த்தவள் நான். வேரைப் பார்த்தேன், நீளத்தைப் பார்த்தேன், அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. இப்போது யார் தலையில் அப்படி ஓர் இடம் தெரிந்தாலும், எப்படி ஆனது என்று கேட்பதில்லை. நாற்காலியைத் திருப்பிவிட்டு, வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.