எழுதாத மூன்று நாள்

கழுத்தில் கல் கட்டிய மருந்துப் போத்தல் ஒன்று, இரண்டு கயிறுகளோடு, பயண உத்தியோகத்தர் தங்கும் வாடிவீட்டு மேசையின் வெள்ளை விரிப்பில் கிடந்தது. கொண்டுவந்து வைத்தவர் புத்தூர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். ஒரு கயிறு போத்தலைக் கிணற்றுக்குள் இறக்குவதற்கு. மற்றது தக்கையில் கட்டியது. வேண்டிய ஆழம் போனதும் சுண்டிவிட்டால் தக்கை கழன்று, அந்த ஆழத்துத் தண்ணீர் போத்தலில் நிறையும். ஆறு வருடமாக, மாதம் ஒரு தரம், ஊர்ப் பெருங்கிணற்றில் இப்படித் தண்ணீர் எடுத்துக் காய்ச்சி, மிஞ்சிய உப்பைத் தட்டாரின் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதியிருந்தார். மேலே நல்ல தண்ணீர், கீழே உப்புத் தண்ணீர். கோடை கடுமையானால் உப்பின் எல்லை மேலே ஏறுகிறது. எல்லாம் தமிழில்.

அந்தக் கிணற்றில் அரசாங்கம் இறைப்பு எஞ்சின் பூட்டி, சுற்றியிருந்த புகையிலை, வெங்காயத் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுக்க இருந்தது. பூட்டலாமா என்று சொல்லக் கொழும்பிலிருந்து ஒரு துரை வந்திருந்தார். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ந்து எழுதுகிறவர், தமிழ் தெரியாது. நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உபாத்தியாயர் கொப்பிகளை என்னிடம் தந்து மொழிபெயர்க்கச் சொன்னார்.

கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இதுதான்: “எஞ்சினால் வேகமாக இறைத்தால் உப்பு மேலே வரும் என்று எண்ணுகிறேன். எத்தனை நாளில் வரும் என்பது எனக்குத் தெரியாது.” அதை வாசித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ‘தெரியாது’ என்று சொல்லும் ஒரு தமிழ் வாத்தியாரை எந்தத் துரை மதிப்பார்? தோட்டங்கள் உப்புப் பட்டால் அந்தச் சனம் எங்கே போகும்? ‘எண்ணுகிறேன்’ என்பதை எடுத்துவிட்டு, மூன்றே நாளில் உப்பு மேலே வந்துவிடும் என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

வாடிவீட்டு மேசையில் துரை அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்தார். மூன்று நாள் என்பது இவருக்கு எப்படித் தெரியும், இறைத்துப் பார்த்தாரா என்று கேட்டார்.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உபாத்தியாயரிடம் வேறெதையாவது கேட்டு, துரையிடம் வேறெதையாவது சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிய வந்திராது. பொய் நாக்கு நுனி வரை வந்தது. உபாத்தியாயர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துரை என்ன கேக்கிறார், ரீச்சர்?”

கேட்டதைக் கேட்டபடியே சொன்னேன்.

“நான் அப்பிடி எழுதேல்லையே. தெரியாது எண்டெல்லோ எழுதினனான்.”

“ஓம். மூண்டு நாள் எண்டது நான் எழுதினது.”

“ஏன்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “அதைத் துரைக்குச் சொல்லுங்கோ. எனக்குத் தெரியாது எண்டும் சொல்லுங்கோ” என்றார்.

சொன்னேன். இங்கிலீஷில் ஒரு சின்ன வசனத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்தது என் வாழ்க்கையில் அன்றுதான். துரை என் தாள்களை மூடி ஓரமாகத் தள்ளினார். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவர் எழுந்து ஜன்னலடிக்குப் போய் நின்றார். பிறகு திரும்பி, தனக்கும் தெரியாது, ஒரு சின்ன எஞ்சின் எடுத்து இறைத்துப் பார்ப்போம், போத்தலை இவரே இறக்கட்டும் என்றார்.

இறைப்புத் தொடங்கியது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் ஊரே நின்றது. போத்தலில் வந்தது நல்ல தண்ணீர். என் வசனத்தை நம்பியிருந்தால் துரை அன்றைக்கே கொப்பிகளைத் தூக்கி எறிந்துவிட்டுக் கொழும்புக்கு ரயில் ஏறியிருப்பார். ஆனால் நாள்கணக்குத் தெரியாது என்று உபாத்தியாயர் சொல்லியிருந்தபடியால் எஞ்சின் நிற்காமல் ஓடியது. ஒன்பதாம் நாள் காலை உபாத்தியாயர் போத்தலை மேலே இழுத்து ஒரு வாய் குடித்தார், துப்பினார், துரையிடம் நீட்டினார். துரையும் துப்பினார்.

பெரிய எஞ்சின் வரவில்லை. சின்னதையே காலையில் சில மணி நேரம் மட்டும் ஓட்டலாம் என்று முடிவானது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கடுதாசிகளை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன். ஒரு சொல்லை மெருகேற்றக் கை போகும்போதெல்லாம் அந்த ஜன்னலடியில் நின்ற துரையின் முதுகு கண்ணுக்குள் வருகிறது.

இறைத்துப் பார்த்ததற்கு அடுத்த வருடம் துரையின் கட்டுரை அச்சாகித் தபாலில் வந்தது. உபாத்தியாயர் அதைக் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தமிழிலை சொல்லுங்கோ ரீச்சர். ஒண்டையும் விடாதேங்கோ.”

ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் தன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில், எத்தனை நாளில் உப்பு வரும் என்பது தமக்குத் தெரியாதென உபாத்தியாயர் சொன்னதனாலேயே தொடர்ந்து இறைத்தோம் என்று இருந்தது.

“அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

சொன்னேன். சந்தோஷத்தில் கேட்டாரா, என்னைச் சரிபார்க்கக் கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை.